“ஹீட் மீட்டர் தெரியல பாப்பா!” – அம்பாசிடர் டேஷ்போர்டுக்கு வெளிச்சம் தேடிய கதை | ஊர்ப்பக்கம் வண்டிகள் – 9

ஆடி மாசம் ஊருக்குப் போயிருந்தேன். அச்சங்குளத்தில் பெரியப்பா வீட்டு வேப்பமரத்தடியில் அவருடைய அம்பாசிடர் நின்றுகொண்டிருந்தது. மார்க் 4, 1986 மாடல். முன்பு சாத்தூரில் வாடகைக்கு ஓடிய வண்டி. தீபாவளிக்கு முன்னால் பட்டாசு வாங்க வடக்கேயிருந்து வரும் வியாபாரிகளை ஆலை ஆலையாக ஏற்றிப்போய்க் காட்டிய வண்டி. இப்போது பெரியப்பா மாதிரியே ஓய்வில் இருக்கிறது. பகலில் மட்டும் சந்தைக்கோ கல்யாண வீட்டுக்கோ போய்வரும். ராத்திரியில் அவர் அதை வெளியே எடுத்து நாலு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இந்த முறை பெரியம்மா, ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போகவேண்டும் என்று சொல்லிவிட்டார். கூட்டம் குறைந்தபிறகு தரிசனம் முடித்து ராத்திரி திரும்புவதாகத் திட்டம். பெரியப்பா கொஞ்சநேரம் யோசித்துவிட்டு என்னிடம் வந்தார்.

“பாப்பா, ராத்திரியில ஹீட் மீட்டர் தெரியல. உள்ள ஏதாச்சும் நல்ல பல்பா மாட்டணும். நீதான் போன்லயே எல்லாம் வாங்குறியே, பாரேன்.”

இவ்வளவுதானே என்று நினைத்தேன். பெட்ரோல் பங்க்கில் காற்றுப் பிடிக்கிற நேரத்தில் முடிகிற வேலை என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்குக் கொடுத்த பாடம்தான் இந்த வாரக் கட்டுரை. உங்கள் வீட்டிலும் தாத்தாவின் அம்பாசிடரோ, அப்பாவின் பிரீமியர் பத்மினியோ, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டோ மூடிய துணிக்குள் நிற்கிறதென்றால், பல்பு வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

‘வெளிச்சம் போட்டேன், கண்ணு போச்சு!’

ஆன்லைனில் வெள்ளை எல்.இ.டி பல்புகள் ஒரு பாக்கெட் வந்து சேர்ந்தன. டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டு, பழைய பல்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எல்லா இடத்திலும் புதியதை மாட்டினேன். ஸ்பீடா மீட்டர், பெட்ரோல் மீட்டர், ஹீட் மீட்டர், ஹைபீம் போட்டால் எரியும் நீல விளக்கு, சார்ஜ் காட்டும் சிவப்பு விளக்கு, ஒன்றையும் விடவில்லை. சாயங்காலம் ஸ்விட்சைப் போட்டதும் டேஷ்போர்டு நகைக்கடை மாதிரி ஜொலித்தது. பெரியம்மா கைதட்டினார். நான் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். பெரியப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு முன்பாக ஓட்டிப் பார்க்கலாம் என்று அன்றைக்கு ராத்திரி ஏழாயிரம்பண்ணை வழியாகச் சாத்தூருக்குக் கிளம்பினோம். ஊர் எல்லை தாண்டியதுமே பெரியப்பா கண்ணைச் சுருக்க ஆரம்பித்தார். மீட்டரின் வெள்ளை வெளிச்சம் முன்கண்ணாடியில் விழுந்து, ரோட்டுக்கு நடுவில் இன்னொரு மீட்டர் மிதப்பது போலத் தெரிந்தது. தெருவிளக்கு இல்லாத அந்த ரோட்டில் திடீரென்று பிரேக் அடித்தார். பத்தடி முன்னால் ஒரு சைக்கிள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற மனிதர். பின்னால் சிவப்பு ஒளிப்பட்டை கிடையாது. அவர் திரும்பிப் பார்த்துவிட்டு ஓரமாகப் போய்விட்டார். எங்கள் இருவருக்கும் கை நடுங்கியது.

“பாப்பா, மீட்டர் நல்லாத் தெரியுது. ரோடுதான் தெரியல” என்றார் பெரியப்பா.

இருட்டுக்குப் பழக நம் கண்ணுக்கு நேரம் வேண்டும். முழுதாகப் பழக இருபது முப்பது நிமிஷம்கூட ஆகும். பழகிய கண்ணுக்குப் பக்கத்தில் பளிச்சென்ற வெள்ளை வெளிச்சம் இருந்தால் அந்தப் பழக்கம் உடனே கலைந்துவிடும். இருபது வயதில் எனக்கு அது பெரிதாகத் தெரியாது. அறுபத்தெட்டு வயதில் கண்ணின் லென்ஸ் மங்கத் தொடங்கியிருக்கும். வெளிச்சம், அதிலும் நீலம் கலந்த வெளிச்சம், அந்த லென்ஸுக்குள் சிதறிக் கூசும். விமானிகளின் அறையில் பல காலம் மங்கலான சிவப்பு விளக்கு வைத்திருந்ததற்கு இதுதான் காரணம். விமானத் தொழிலில் பிறந்த சுவீடனின் சாப் நிறுவனம், 1990களில் தன் கார்களில் ஒரு பொத்தானே வைத்தது. அதை அழுத்தினால் ஸ்பீடா மீட்டர் தவிர மற்றதெல்லாம் அணைந்துவிடும். ஏதாவது கோளாறு என்றால் மட்டும் அந்த மீட்டர் விழித்துக்கொள்ளும். டேஷ்போர்டில் தேவைக்கு மேல் வெளிச்சம் இருப்பதும் ஒரு கோளாறுதான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சின்ன சிவப்பு விளக்கு செய்கிற பெரிய வேலை

இதோடு முடியவில்லை. சாத்தூரை நெருங்கும்போது பெரியப்பா இன்னொன்றைக் கவனித்தார். அவர் தனியாக வாங்கி மாட்டியிருந்த ஆம்ப்ஸ் மீட்டரின் முள் மைனஸ் பக்கம் சாய்ந்தே கிடந்தது. அதாவது பேட்டரியிலிருந்து கரன்ட் போய்க்கொண்டே இருக்கிறது, உள்ளே ஒன்றும் வரவில்லை. இப்படியே போனால் ஹெட்லைட் மங்கி, நடுரோட்டில் நிற்கவேண்டியதுதான்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் பெரியப்பாவுக்கு முப்பது வருஷப் பழக்கமான ஆட்டோ எலக்ட்ரீசியன் அண்ணாச்சி கடை பூட்டும் நேரத்தில் பிடித்தோம். அவர் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. டேஷ்போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“சார்ஜ் லைட்டையும் மாத்திட்டியா தங்கச்சி?”

ஆக்ஸிலேட்டரை ஒருதரம் நன்றாக மிதித்தார். ஆம்ப்ஸ் முள் சட்டென்று ப்ளஸ் பக்கம் எழுந்தது. பிறகு விளக்கினார்.

டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் போட்ட வண்டி இது. ஆல்டர்னேட்டர் தானாகக் கரன்ட் கொடுக்க ஆரம்பிக்காது. அதற்குள் இருக்கும் சுருளுக்கு முதலில் கொஞ்சம் கரன்ட் கொடுத்து எழுப்பவேண்டும். அந்தக் கரன்ட், சாவி போட்டதும் எரிகிற சிவப்பு சார்ஜ் விளக்கின் வழியாகத்தான் போகிறது. 12 வோல்ட், 2.2 வாட் பழைய பல்பு என்றால் கிட்டத்தட்ட 0.18 ஆம்பியர் போகும். அது போதும். எல்.இ.டி அதில் ஒரு சின்னப் பங்கைத்தான் விடும். வேகமாக ஓட்டினால் ஆல்டர்னேட்டர் எப்படியோ எழுந்துகொள்ளலாம். பெரியப்பா ஓட்டுகிற வேகத்துக்கு அது எழவே இல்லை.

பழைய சிவப்பு பல்பு என் பாக்கெட்டிலேயே இருந்தது. மாட்டினோம். முள் நிமிர்ந்தது.

இதே மாதிரி இன்னொரு பொறி இண்டிகேட்டர் விளக்கில் இருக்கிறது. பல பழைய கார்களில் இடது, வலது இரண்டுக்கும் சேர்த்து டேஷ்போர்டில் ஒரே பச்சை விளக்குதான். இடது பக்கம் போட்டால் கரன்ட் ஒரு திசையில் போகும், வலது பக்கம் போட்டால் எதிர்த்திசையில் போகும். சாதா பல்புக்குத் திசை கிடையாது. எல்.இ.டிக்கு உண்டு. அதனால் ஒரு பக்கத்துக்கு மட்டும் சிமிட்டும், மறுபக்கத்துக்கு எரியாது. இன்னும் பழைய, 1960களுக்கு முந்தைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் எர்த் இருக்கும். பேட்டரியின் ப்ளஸ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். அங்கே இப்போது கடையில் கிடைக்கிற எல்.இ.டி பலதும் எரியாது.

பல்பு குற்றவாளி இல்லை!

மறுநாள் காலையில் அண்ணாச்சி வீட்டுக்கே வந்தார். நான் கேட்ட முதல் கேள்வி, “அப்போ மங்கலா எரிஞ்சதுக்கு என்ன காரணம் அண்ணாச்சி?”

அவர் பழைய பல்புகளைத் திரும்ப மாட்டச் சொன்னார். லைட்டைப் போட்டுவிட்டு மல்டிமீட்டரை வைத்தார். பேட்டரியில் 12.1 வோல்ட். ஹீட் மீட்டர் பல்பின் இரண்டு முனைக்கும் நடுவில் 10.1 வோல்ட். இரண்டு வோல்ட் வழியிலேயே காணாமல் போயிருந்தது.

இரண்டு வோல்ட்தானே என்று நினைக்காதீர்கள். இழை பல்பில் வோல்ட்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் பல மடங்கு வேகமாகக் குறையும். ஒரு வோல்ட் குறைந்தால் வெளிச்சத்தில் கால் பங்கு போய்விடும். இரண்டு வோல்ட் குறைந்தால் கிட்டத்தட்டப் பாதி போய்விடும். நான்கு வருஷமாகப் பெரியப்பா பாதி வெளிச்சத்தில் மீட்டர் பார்த்திருக்கிறார்.

அந்த இரண்டு வோல்ட்டைத் தின்றது எர்த். மீட்டர்களின் தகரம் டேஷ்போர்டைத் தொட்டு, டேஷ்போர்டு பாடியைத் தொட்டு, பாடி பேட்டரியைத் தொடுகிறது. நாற்பது வருஷத் துருவும் தூசியும் அந்தத் தொடுகைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தன. எங்கள் பக்கத்துப் பட்டாசுத் தொழிலாளிகளுக்கு எர்த் என்றால் என்ன என்று தனியாகச் சொல்லவேண்டாம். மருந்து அறைக்குள் நுழையும்முன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கிவிட்டுத்தான் போகவேண்டும். அந்தப் பாதை சரியாக இல்லையென்றால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அண்ணாச்சி செய்தது இதுதான். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினார். டேஷ்போர்டுக்குப் பின்னால் எந்த வேலை என்றாலும் இதுதான் முதல் வேலை. பழைய ஒயரின் தோல் உரிந்து எங்கே தொடும் என்று சொல்லமுடியாது. பிறகு மீட்டர்களை வெளியே எடுத்தார். பல்பு ஹோல்டர்களை உப்புத்தாளால் தேய்த்தார். மீட்டர்களின் முதுகிலிருந்து ஒரு புது எர்த் ஒயரை நேராகப் பாடியில் ஒரு போல்ட்டுக்கு, பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு முறுக்கினார்.

அடுத்ததாக மீட்டர் கூட்டின் உள்பக்கத்தைக் காட்டினார். ஒருகாலத்தில் வெள்ளையாக இருந்திருக்கவேண்டும். பல்பின் சூட்டில் பழுப்பேறி, டீக்கடைப் பாத்திரம் மாதிரி இருந்தது. பல்பு மீட்டருக்கு நேராக எரிவதில்லை. உள்சுவரில் பட்டு எதிரொளித்துத்தான் எண்கள் மேல் விழுகிறது. சுவர் பழுப்பானால் வெளிச்சத்தை அதுவே விழுங்கிவிடும். சின்ன டப்பா வெள்ளை எனாமல் வாங்கி, முள்ளின் மேலும் எண்களின் மேலும் படாமல் உள்சுவருக்கு மட்டும் அடித்தோம். ஒருநாள் காயவிட்டோம்.

மூன்றாவதுதான் பல்பு. மீட்டர்களுக்குள் அதே 2.2 வாட் சாதா பல்பு, புதியது. எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் சாதா பல்பு. ஹீட் மீட்டருக்கு மட்டும் மஞ்சள் கலந்த, மங்கலான ஒரு எல்.இ.டி. எல்லாவற்றுக்கும் அதே எல்.இ.டி போட்டால் என்ன என்று கேட்டேன். பழைய வண்டிகளில் மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தால், அது எல்.இ.டியிடம் சரியாக எடுபடாது என்றார். ஓடுகிற கரன்ட் அவ்வளவு குறைவு. பிரகாசமான எல்.இ.டியை வாங்கிவிட்டுக் குறைக்கமுடியாமல் தவிப்பதைவிட, முதலிலேயே மங்கலானதை வாங்குவது நல்லது.

நீலம் என்கிற கஷ்டமான நிறம்

பெயின்ட் காய்கிற நேரத்தில் பெரியப்பாவும் அண்ணாச்சியும் விளக்கு நிறங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் நிறம் என்றால் மருந்துதான். சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம். பச்சைக்கு பேரியம், 2018இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்த உப்பு அது. நீலத்துக்குச் செம்பு. இவற்றில் நல்ல நீலம் எடுப்பதுதான் ரொம்பக் கஷ்டம். சூடு கொஞ்சம் கூடினாலும் நிறம் வெளுத்துவிடும்.

எல்.இ.டியிலும் அதே கதைதான். சிவப்பும் பச்சையும் எப்போதோ வந்துவிட்டன. நீலம் மட்டும் பல வருஷம் வரவே இல்லை. நீலம் இல்லாமல் வெள்ளை எல்.இ.டி கிடையாது. அதைச் சாதித்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அதே 2014 மே மாதத்தில்தான் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் அம்பாசிடர் தயாரிப்பு நின்றது.

“அப்போ இந்த வண்டி இருந்தவரைக்கும் இதுக்குள்ள அந்த வெள்ளை பல்பு வரணும்னு யாரும் நெனைக்கல பாத்தியா” என்றார் பெரியப்பா.

பழைய மீட்டர் சேகரிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். பழைய விமானங்கள், இரண்டாம் உலகப்போர் கால ராணுவ வண்டிகளின் மீட்டர்கள் சிலவற்றில் இருட்டில் தானாக ஒளிர ரேடியம் பூசியிருப்பார்கள். அமெரிக்காவின் நியூஜெர்ஸியில் 1917 முதல் அந்த வேலையைச் செய்தவர்கள் இளம்பெண்கள். பிரஷ்ஷின் முனையைக் கூர்மையாக்க உதட்டில் வைத்து வைத்து எடுத்தார்கள். தாடை எலும்பு அரித்துப் பலர் இறந்தார்கள். உயிரோடு இருந்த ஐந்து பேர் தொடுத்த வழக்கு 1928இல் சமரசத்தில் முடிந்தது. அந்தப் பூச்சின் ஒளி எப்போதோ மங்கியிருக்கும். ஆனால், ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருஷம் ஆகும். அப்படிப்பட்ட மீட்டர் கையில் கிடைத்தால் கண்ணாடியைத் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள்.

இதைப் படித்துச் சொன்னபோது பெரியம்மா கேட்டார், “பொம்பளப் பிள்ளைகதானா அங்கயும்?”

அந்த ராத்திரி

மீட்டரைத் திரும்ப மாட்டும்போது கேட்டேன். “ஏன் பெரியப்பா, எல்லாத்தையும் விட்டுட்டு ஹீட் மீட்டர், ஹீட் மீட்டர்ங்கிறீங்க?”

கொஞ்சநேரம் ஸ்க்ரூவைத்தான் முறுக்கிக்கொண்டிருந்தார்.

2021 பிப்ரவரி 12. எங்கள் ஊரின் பெயர் நாடு முழுக்கச் செய்தியில் வந்த நாள். அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. நான் அப்போது சென்னையில் ஜர்னலிசம் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். ஊர்ப் பெயரைச் செல்போனில்தான் பார்த்தேன்.

“அன்னைக்கு ராத்திரி சாத்தூர்ல இருந்து சிவகாசி ஆஸ்பத்திரிக்கு அஞ்சு பேர ஏத்திட்டுப் போனேன். சொந்தபந்தத்தத் தேடிப் போறவுக. பகல் பூரா அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுன வண்டி. தண்ணி கொறஞ்சிருக்கு. முள்ளு ஏறிருக்கு. எனக்குத் தெரியல பாப்பா, இருட்டுக்குள்ள தெரியல. புகை வந்தப்புறந்தான் தெரிஞ்சுச்சு. கொதிக்கிற ரேடியேட்டரத் தொறக்க முடியுமா? ஆறட்டும்னு முக்கா மணி நேரம் ரோட்டுல நின்னோம். மகளப் பாக்கப் போற ஒரு அம்மா. அந்த முக்கா மணி நேரமும் ஒரு வார்த்தை பேசல. என்னைத் திட்டிருந்தாக்கூட ஆறிருக்கும்.”

அதற்குப் பிறகுதான் அவர் ராத்திரியில் வண்டி எடுப்பதை நிறுத்தியிருக்கிறார். வயசாயிருச்சு, கண்ணு தெரியல என்று எங்களிடம் சொல்லியிருந்தார். நாங்களும் நம்பிவிட்டோம்.

நான் அவருக்கு நகைக்கடை வெளிச்சம் வாங்கிக்கொடுத்திருக்கிறேன். அவர் கேட்டது ஒரே ஒரு முள்.

வண்டி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு…

* முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். பிறகுதான் டேஷ்போர்டு.
* பல்பு வாங்கும்முன் எர்த்தைப் பாருங்கள். பேட்டரி வோல்ட்டேஜும் பல்பு முனை வோல்ட்டேஜும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசப்பட்டால் கோளாறு பல்பில் இல்லை.
* மீட்டர் கூட்டின் உள்சுவருக்கு வெள்ளை அடிப்பது மலிவான, நல்ல வைத்தியம். முள்ளைத் தொடாதீர்கள்.
* கழற்றிய பல்பைக் கடைக்கு எடுத்துப் போங்கள். திருகும் அடி, பின் அடி, கண்ணாடி அடி என்று ஒவ்வொரு வண்டிக்கும் வேறு வேறு. அதே வாட் கேளுங்கள். பெரிய வாட் போட்டால் சூட்டில் கூடும் நிற வடிகட்டியும் கெடும்.
* சார்ஜ் விளக்கில் சாதா பல்பையே விட்டுவிடுங்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே இண்டிகேட்டர் விளக்கு என்றால் அதிலும் அப்படியே.
* எல்.இ.டி போட ஆசை என்றால் மஞ்சள் கலந்த, மங்கலான வகை. ஒன்றை மட்டும் மாட்டி, தெருவிளக்கு இல்லாத ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றதை வாங்குங்கள். வீட்டு வாசலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.
* 50 வருஷம் தாண்டிய வண்டி என்றால், 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் பதிவு விதி உண்டு. சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்கிறது அது. எதை மாற்றினாலும் பழைய பாகத்தைத் தூக்கிப்போடாமல் ஒரு டப்பாவில் எடுத்து வையுங்கள்.

ஆடி கடைசி வெள்ளி ராத்திரி இருக்கன்குடியிலிருந்து திரும்பினோம். பின்சீட்டில் பெரியம்மா சாத்தூர்க் காரச்சேவுப் பொட்டலத்தை மடியில் வைத்தபடி தூங்கிவிட்டார். டேஷ்போர்டில் பழைய மஞ்சள் வெளிச்சம். அதற்கு நடுவில் ஹீட் மீட்டர் மட்டும் கொஞ்சம் தெளிவாகத் தெரிந்தது. ரோட்டோரம் நடந்துபோகிறவர்களும் தூரத்திலேயே தெரிந்தார்கள்.

சாத்தூர் தாண்டும்வரை பெரியப்பா அந்த முள்ளைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பார். அது நடுவிலேயே நின்றது. ஏழாயிரம்பண்ணைக்குப் பிறகு பார்ப்பது குறைந்தது. ஊருக்குள் திரும்பும்போது, “அடுத்த வாரம் சிவகாசில ஒரு கல்யாணம் இருக்கு. ராத்திரி ரிசப்ஷன்” என்றார்.

“பஸ்லயா பெரியப்பா?”

“எதுக்கு பஸ்ல? வண்டி இருக்குல்ல.”